பிரோசாக் கல்லும் சீட்டுச் சொல்லும்

பொதிகை மலைத்தொடரின் அடிவாரத்தில், வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் சூழ அமைந்த ஊர் களக்காடு. மலையிற் பிறக்கும் பச்சையாறு இப்பகுதி நிலங்களை வளப்படுத்திப் பின்னர்த் தாமிரவருணியோடு கலக்கின்றது. சத்தியவாகீசுவரர் திருக்கோயிலை வழிபட வருவோரும், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைக் காண வருவோரும் இவ்வூருக்கு உண்டு. மணி வாங்க வருவோர் எவரும் இலர். ஆயினும், மணியைப் பற்றி யான் கற்ற முதற்பாடம் இவ்வூரிலேதான் கிடைத்தது.

எங்கள் தெருவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அரபு நாடொன்றில் கட்டட வேலை செய்து, மூன்றாண்டுகளுக்குப் பின் விடுமுறையில் ஊர் திரும்பினார். தங்கையின் திருமணத்திற்கென்று மோதிரம் ஒன்று வாங்கி வந்திருந்தார். தெளிந்த வானத்தின் நீலத்தில் ஒரு துளியை எடுத்துப் பொன்னிற் பதித்தாற்போல அதன் நடுவே ஒரு கல் இருந்தது. இரண்டு மாத ஊதியம் அதற்குச் செலவாயிற்று என்றார். அதனைக் கண்டவருள் சிலர், ‘நல்ல கல்’ என்றனர். சிலர், ‘வெறும் பிளாஸ்டிக்’ என்று உதட்டைப் பிதுக்கினர். அவர் மனம் கலங்கிற்று. ஒருநாள் மாலை மோதிரப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“அண்ணாச்சி! கடைக்காரர் கொடுத்த சீட்டு இதோ இருக்கிறது. இதில் எழுதியிருப்பது என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள். இந்தக் கல் உண்மையான கல்தானா?” என்று கேட்டார்.

சீட்டில் ஆங்கிலச் சொற்கள் சில இருந்தன. ‘ஜெனுவின் டர்க்காய்ஸ்’ என்று பெரிய எழுத்தில் முதல் வரி. அதன் கீழே ‘பெர்ஷியன் ப்ளூ’, ‘5 கேரட்’, ‘18 கேரட்’. எல்லாவற்றிற்கும் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற சிறிய எழுத்தில் ‘ரீகான்ஸ்டிட்யூட்டட்’. எழுத்துக்கூட்டி அனைத்தையும் படித்துவிட்டேன். ஆனால், அவர் கேட்ட கேள்விக்கு விடை கூற என்னால் இயலவில்லை. சொற்களைப் படிப்பது வேறு. சொற்கள் குறிக்கும் பொருளை அறிவது வேறு என்பதை அன்று உணர்ந்தேன். சில நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

முதலில் அக்கல்லின் பெயர். பாரசீகர் அதனைப் பீரூசா என்பர். வெற்றி என்னும் பொருளுடைய சொல்லோடு தொடர்புடையது அப்பெயர். அதுவே வடநாட்டு மொழிகளில் பிரோசா என வழங்குகின்றது. ‘டர்க்காய்ஸ்’ என்பதோ பிரெஞ்சு மொழிச் சொல். ‘துருக்கியைச் சார்ந்தது’ என்பது அதன் பொருள். துருக்கியில் அக்கல் விளைந்ததன்று. பாரசீகச் சுரங்கங்களிலிருந்து துருக்கர் நாட்டு வழியாக ஐரோப்பாவிற்குச் சென்றது. ஆகவே, விளைந்த இடத்தின் பெயரை விட்டு, வந்த வழியின் பெயரைப் பெற்றது. மணிகளின் பெயர்கள் பல இத்தகையன. நம் வைடூரியத்தையே காண்க. பிராகிருத மொழியில் வேளுரியம் என வழங்கிய சொல் கிரேக்கருடைய நாவில் பெரிலோசு ஆயிற்று. அதிலிருந்து ஆங்கிலத்தில் பெரில் ஆயிற்று. செருமானிய மொழியிலோ மூக்குக்கண்ணாடியைக் குறிக்கும் ‘பிரில்லெ’ என்னும் சொல்லாயிற்று. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த கடல்நீல நிறக் கற்கள் இப்பெரில் இனத்தனவே. ஆனால், இன்று நம் நகைக்கடைகளில் வைடூரியம் என்று கேட்டால் பூனையின் கண்போல் ஒளிக்கோடு ஓடும் வேறொரு கல்லைக் காட்டுவர். சொல் ஓரிடத்தில் நிற்க, பொருள் நகர்ந்துவிட்டது. புட்பராகமும் இத்தகையதே. மஞ்சள் நிறமுடைய நீலக்கல் இனத்தையும், அதனோடு எவ்வகை உறவுமில்லாத ‘டோப்பாசு’ என்னும் கல்லையும் ஒரே பெயரால் அழைப்போர் உளர். இரண்டின் விலைக்கும் உள்ள வேறுபாடோ மிகப் பெரிது.

ஆகவே பெயர் மட்டும் போதாது. பொருள் யாது என்று கேட்டல் வேண்டும். பிரோசா என்பது செம்பும் அலுமினியமும் பாசுபேட்டும் நீரும் சேர்ந்த ஒரு கனிமம். மழை குறைந்த வறண்ட நிலங்களில், செம்புச் சத்துள்ள பாறைகளின் ஊடே நீர் மெல்லக் கசிந்து இறங்கும்போது, பாறையின் வெடிப்புகளில் அது படிந்து உறைகின்றது. செம்பு நீலத்தைத் தருகின்றது. இரும்பு கலந்தால் பச்சை சாயல் ஏறுகின்றது. வயிரத்தைப்போல ஒளியை ஊடுருவ விடுவதன்று. உள்ளே நோக்கினால் எதுவும் தெரியாது. அதன் கடினம், கடின அளவுகோலில் 5 முதல் 6 வரை. படிகக்கல்லின் கடினம் 7. தெருப்புழுதியிலே படிகக்கல்லின் நுண்துகள் கலந்திருத்தலால், புழுதி படிந்த துணியால் அழுந்தத் துடைத்தாலும் பிரோசாவில் கீறல் விழக்கூடும். இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. அக்கல் நுண்துளைகள் நிறைந்தது. வியர்வை, எண்ணெய், நறுமணப் பூச்சு ஆகியவற்றைப் பஞ்சுபோல் மெல்ல உறிஞ்சித் தன் நீலத்தை இழந்து பசுமையாக மாறிவிடும். சீட்டின் அடியில் இருந்த சிறிய சொல்லுக்குக் காரணமும் இந்நுண்துளைகளே. அதனைப் பின்னர்க் காண்போம்.

ஈரான் நாட்டின் நிசாப்பூர்ச் சுரங்கங்கள் பிரோசாவுக்குப் பல நூற்றாண்டுகளாகப் பெயர்பெற்றவை. எகிப்தியர் சினாய்ப் பாலைவனத்தில் அதனை அகழ்ந்தெடுத்தனர். 1922-இல் கண்டறியப்பட்ட கல்லறையில் இருந்த துட்டன்காமன் என்னும் இளமன்னனின் பொன்முகமூடியிலும் இக்கல் பதிக்கப்பட்டுள்ளது. நம் நாட்டில் இலடாக்குப் பெண்டிர் அணியும் ‘பெராக்’ என்னும் தலையணி, நெற்றி தொடங்கி முதுகு வரையில் பிரோசாக் கற்களை வரிசையாகத் தைத்தது. தாய் மகளுக்கு அளிக்கும் குடும்பச் செல்வம் அது. தமிழகத்தாரோ இதனைப் பெரிதும் போற்றியதில்லை. நவமணிகளுள் இதற்கு இடமில்லை. எனவே, இதன் குணங்குற்றங்களைக் கூறும் பழந்தமிழ்ச் சொற்களும் நமக்கு இல்லை.

பிற மணிகளுக்கோ சொற்பஞ்சம் இல்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் ‘ஊர்காண் காதை’ என்பது ஒரு பகுதி. புதிதாக மதுரைக்கு வந்த கோவலன் நகரைச் சுற்றிப் பார்க்கின்றான். அவன் காணும் தெருக்களுள் மணிகள் விற்கும் தெருவும் ஒன்று. அத்தெருவை வருணிக்கும் இளங்கோவடிகள் மணிகளின் அழகைக் கூறுவதோடு அமையவில்லை. ஒவ்வொரு மணிக்கும் உரிய குற்றங்களைப் பெயர் சொல்லிக் கூறுகின்றார். வயிரத்தில் காக்கைக்கால் போன்ற கீற்றிருப்பின் அது காகபாதம்; கறையிருப்பின் களங்கம்; புள்ளியிருப்பின் விந்து; கோடிருப்பின் ஏகை. மரகதத்தின் குற்றங்களுக்கு ஏகை, மாலை, இருள் எனப் பெயர்கள் உண்டு. பவளத்தில் உட்புறம் துளையிருத்தல், கல்லிடைப்பட்டு வளைதல், முறுகியிருத்தல் ஆகியவற்றிற்குத் தனித்தனிச் சொற்கள். முத்திலே காற்றால் வந்த குற்றம் வேறு, மண்ணால் வந்த குற்றம் வேறு, கல்லால் வந்தது வேறு, நீரால் வந்தது வேறு. அத்தெரு வணிகர் இக்குற்றங்களையெல்லாம் பகுத்தறிந்து, குற்றமற்றவற்றைத் தெரிந்து வைத்திருந்தனர் என்கிறார் அடிகள். குற்றத்திற்குப் பெயர் இருந்தால்தான் அதனைச் சுட்டிக் கேட்க முடியும். பெயரில்லாத குற்றத்தை வாங்குவோன் எவ்வாறு கேட்பான்?

இத்துணைத் திறம் வாய்ந்த மணிநூல் வல்லுநர் நிறைந்த அதே நகரிலேதான் கோவலன் உயிரிழந்தான் என்பதை நினைக்கும்போது நெஞ்சம் வருந்துகின்றது. கோவலன் விற்க வந்த சிலம்பு அரசியின் சிலம்பே என்று பொற்கொல்லன் கூறினான். அரசன் அச்சொல்லை நம்பினான். சிலம்பு பார்வைக்கு ஒன்றுபோல் இருந்திருக்கலாம். உள்ளேயிருக்கும் பரல் யாது என்று அரசன் கேட்டானல்லன், காவலர் கேட்டாரல்லர். தாமிரவருணி கடலொடு கலந்த இடத்தில் இருந்த கொற்கைத் துறையின் முத்தைத் தன் செல்வமாகக் கொண்டவன் பாண்டியன். ஆதலின், அவன் தேவியின் சிலம்பில் முத்தே பரலாய் இருந்தது. கண்ணகியின் சிலம்பிலோ மாணிக்கம் இருந்தது. ‘முத்து’, ‘மாணிக்கம்’ என்னும் இரு சொற்கள்தாம் வழக்கின் முழுப் பொருளும். அவ்விரு சொற்களும் கோவலன் உயிரோடிருந்தபோது அரசவையில் எழவில்லை. அவன் கொலையுண்ட பின்னரே எழுந்தன. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்தபோது அரசனுக்கு உண்மை விளங்கிற்று. அக்கணமே அவனும் உயிர் நீத்தான்.

இனி, இதற்கு மாறான ஒரு காட்சியைத் தஞ்சையிற் காணலாம். 1010-ஆம் ஆண்டளவில் பெரிய கோயிலைக் கட்டி முடித்த முதலாம் இராசராசன், தானும் தன் தமக்கையும் தேவியரும் இறைவனுக்கு அளித்த அணிகலன்களையெல்லாம் கோயிற் சுவரில் பொறிக்கச் செய்தான். ஊல்சு என்னும் செருமானிய அறிஞர் அக்கல்வெட்டுகளைப் படியெடுத்துப் பதிப்பித்தார். அவற்றுள் முத்துக்கு மட்டும் எத்தனை சொற்கள்! முழுதும் உருண்டது வட்டம். ஏறத்தாழ உருண்டது அனுவட்டம். இன்னும் ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து என வகைகள் விரிகின்றன. முத்தின் ஒளியை ‘நீர்’ என்று அக்கால மக்கள் குறித்தனர். குளிர்ந்த நீர் என்றும் சிவந்த நீர் என்றும் அதனையும் பிரித்தனர். இன்றும் நம் ஊர்க் கல்வணிகர் ‘நீரோட்டம் பார்த்து வாங்கு’ என்று கூறுவது அப்பழஞ்சொல்லின் தொடர்ச்சியே.

அக்கல்வெட்டில் என்னை வியக்கச் செய்தது வேறொன்று. இறைவனுக்கு ஈந்த வயிரங்களைக் கூறுமிடத்து, அவற்றுட் சிலவற்றில் வெடிப்பு உண்டு, செம்புள்ளி உண்டு, கரும்புள்ளி உண்டு, எரிந்தாற்போன்ற தழும்பு உண்டு என்று குறைகளையும் உடன் குறித்துள்ளனர். பேரரசன் கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை. ‘விலைமதிப்பற்ற வயிரங்கள்’ என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் எவர் கேட்கப்போகின்றனர்? அவ்வாறு முடிக்கவில்லை. பொன்னை நிறுக்க ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல். மணியணிகளை நிறுக்க ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் எடைக்கல். கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என நுட்பமாக நிறுத்தனர். ஒரு கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடிக்கு 2 குன்றி. பதித்த மணியோடு சேர்த்து நிறுத்த இடங்களில் அரக்கும் எடையிற் சேர்ந்தது என்பதையும் எழுதிவைத்தனர்.

தூத்துக்குடி முத்துச் சலாபத்திலும் இம்மரபு நெடுங்காலம் நிலவிற்று. மன்னார் வளைகுடாவில் எடுத்த முத்துகளைச் சல்லடைபோல் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுச் சலித்து, முதலில் பருமனால் பிரித்தனர். 20 துளைத் தட்டு முதல் 1000 துளைத் தட்டு வரை அத்தட்டுகள் பத்து. பின்னர் வடிவும் ஒளியும் நோக்கிப் பிரித்தனர். உருட்சியிலும் ஒளியிலும் குறைவற்றது ஆணி. மிகச் சிறியது தூள். ஆணிமுத்து என்று இன்றும் நாம் உயர்ந்த பொருளைப் போற்றுகின்றோம். அது கவிஞர் படைத்த சொல்லன்று, வணிகர் தரம் பிரித்த சொல். 1961-க்குப் பின் அங்கே சலாபம் நடைபெறவில்லை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியினுள் கருவைப் பதித்து முத்தை வளர்த்துக் காட்டினர். அதற்கு ‘வளர்ப்பு முத்து’ என்று பெயர். அது போலி முத்தன்று; சிப்பி ஈன்ற முத்தே. ஆனால், தானாக விளைந்ததும் அன்று. உண்மை, பொய் என்னும் இரண்டே சொற்களை வைத்துக்கொண்டிருப்பவருக்கு அம்முத்து எதில் சேரும் என்று சொல்ல இயலாது. மூன்றாவது ஒரு சொல் வேண்டியிருக்கின்றது.

இந்த எண்ணத்தோடு மறுபடியும் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

‘5 கேரட்’, ‘18 கேரட்’ என்ற இரண்டும் முதலில் என்னை மயக்கின. ஒரே சொல், இரு பொருள். கல்லைப் பற்றிப் பேசும்போது கேரட் என்பது எடை. ஒரு கேரட் 200 மில்லிகிராம். ஐந்து கேரட் ஒரு கிராம். பொன்னைப் பற்றிப் பேசும்போது கேரட் என்பது எடையன்று, மாற்று. 24 பங்கில் 18 பங்கு பொன், எஞ்சிய 6 பங்கு செம்பு முதலிய பிற உலோகம் என்பதே 18 கேரட். மேனாட்டார் கேரோபு என்னும் மரத்தின் விதையை எடையாகக் கொண்டதிலிருந்து அச்சொல் பிறந்தது. நாம் மஞ்சாடியையும் குன்றிமணியையும் கொண்டதுபோல அவர்களுக்கும் ஒரு விதை. நம் நாட்டில் 2021 முதல் பொன்னகைக்கு முத்திரை கட்டாயமாகிப் படிப்படியாக மாவட்டந்தோறும் பரவி வருகின்றது. அம்முத்திரை பொன்னின் மாற்றைக் கூறுமேயன்றி, அதிற் பதித்த கல்லைப் பற்றி ஒன்றும் கூறாது. முத்திரை இருக்கின்றது, ஆகவே கல்லும் நல்லது என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

‘பெர்ஷியன் ப்ளூ’ என்பது அடுத்தது. பாரசீகத்து நீலம் என்று பொருள். கல் பாரசீகத்தில் விளைந்தது என்று அதற்குப் பொருளில்லை. நிசாப்பூரில் விளைந்த உயர்ந்த கற்கள், கறையோ கோடோ இன்றி ஒரே சீரான வானநிறம் உடையன. அந்நிறமுடைய எக்கல்லையும் வணிகர் அப்பெயரால் அழைக்கத் தொடங்கினர். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் ‘துயிலும் அழகி’ என்னும் பொருள்படும் பெயருடைய சுரங்கம் ஒன்று இருந்தது. 2012-இல் அங்குப் பிரோசா எடுத்தல் நின்றுபோயிற்று. எனினும், அப்பெயரால் விற்கப்படும் கற்கள் இன்றும் கடைகளில் உள்ளன. பழைய இருப்பு சில. அந்நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் சில. ஊர்ப்பெயர் நிறப்பெயராக மாறிவிட்ட பின்னர், ‘எவ்வூர்க் கல்?’ என்று தனியே கேட்டுத் தெளிதல் வேண்டும். பாரசீகரே தம் கற்களை மூன்றாகப் பிரித்திருந்தனர். நிறம் மாறாத நல்ல கல் ‘அங்குசுதரி’. மோதிரத்திற்கு உரியது என்பது அதன் பொருள். அது தனித்தனியே விலைபேசி விற்கப்பட்டது. அடுத்தது ‘பார்க்கானே’, அது நிறுத்து விற்கப்பட்டது. கடைப்பட்டது ‘அராபி’. வெளிறும் இயல்புடைய கற்களை விற்கும் வரையில் ஈரமான மண்கலத்தில் இட்டு வைத்து நிறத்தைக் காப்பாற்றியவரும் அங்கே இருந்தனர்! நீரிலிருக்கும் வரை நீலம். வாங்கியவன் வீட்டை அடைந்ததும் வெளுப்பு.

கல்லின் மேல் ஓடும் கருமையான அல்லது பழுப்பான கோடுகளுக்கும் ஒரு சொல் உண்டு. பிரோசா உறைந்த தாய்ப்பாறையின் எச்சம் அது. மேனாட்டார் ‘மேட்ரிக்சு’ என்பர். அக்கோடுகள் நுண்ணிய வலைபோல் அமைந்திருப்பின் ‘சிலந்திவலைப் பிரோசா’ என்று அதனை உயர்வாகக் கருதுவோரும் உளர். ஒருவர்க்குக் குற்றமாவது மற்றொருவர்க்குக் குணமாகின்றது. நம் இளைஞரின் கல்லில் அத்தகைய கோடு ஒன்றுமில்லை.

இனி, அந்தச் சிறிய எழுத்துச் சொல். இதனை விளங்கிக்கொள்ள அதற்கு உறவான சொற்களையும் அறிதல் வேண்டும்.

வெட்டி மெருகிட்டதன்றி வேறொன்றும் செய்யப்படாத கல் ‘நேச்சுரல்’. இயற்கைக் கல் எனலாம். அகழ்ந்தெடுக்கும் பிரோசாவில் அவ்வாறு நேரே பயன்படும் அளவிற்கு உறுதியானது குறைவு. பெரும்பகுதி சுண்ணாம்புக் கட்டிபோல் உதிரும் தன்மையது. அவ்வுதிரும் கல்லின் நுண்துளைகளில் பிசினை அழுத்தத்தோடு செலுத்தி இறுகச் செய்வர். இதனை ‘ஸ்டெபிலைஸ்டு’ என்பர். திடப்படுத்திய கல் என்று நாம் கூறலாம். கல் உண்மையான கல்லே. அதன் உறுதி மட்டும் பிசினால் வந்தது. அன்றாடம் அணிவதற்கு இது ஒருவகையில் ஏற்றதுங்கூட. எண்ணெயை அத்துணை விரைவில் உறிஞ்சாது. சொல்லி விற்றால் இதிற் குற்றமில்லை என்பது என் கருத்து. மெழுகு மட்டும் தேய்த்து ஒளியூட்டுவது பழைய வழக்கம். அதனினும் எளிய செயல். பிசினோடு சாயத்தையும் செலுத்தி நிறத்தை மாற்றினால், அது ‘ட்ரீட்டடு’ அல்லது ‘என்ஹான்ஸ்டு’. அதாவது நிறமூட்டிய கல். இங்கே கண்ணுக்குத் தெரியும் நீலம் கல்லினுடையதன்று. ‘என்ஹான்ஸ்டு’ என்பதற்கு ‘மேம்படுத்தியது’ என்பது நேர்ப்பொருள். கேட்பதற்கு எத்துணை இனிமை! சாயம் தோய்த்தது என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது.

கல்லை வெட்டும்போது சிதறும் துண்டுகளையும் பொடியையும் சேர்த்து, பிசினோடு குழைத்து, அச்சில் இட்டு இறுக்கிக் கட்டியாக்கி, அதிலிருந்து மணி வெட்டுவது உண்டு. அதுவே ‘ரீகான்ஸ்டிட்யூட்டட்’. நெல்லும் அரிசிமாவும் ஒன்றா? மாவைப் பிடித்துச் செய்த கொழுக்கட்டையில் அரிசி இருக்கின்றது என்பது உண்மை. ஆனால், அதனை அரிசி என்று கூறி விற்றல் தகுமா? பிரோசாப் பொடி கலந்த பிசின் கட்டியும் அத்தகையதே. ‘ஜெனுவின்’, அதாவது மெய்யான பிரோசா என்று சீட்டின் முதல் வரி கூறியதில் பொடியளவு மெய் இருந்தது.

இதற்கும் கீழே ‘பிளாக்’ என்று ஒன்றுண்டு. பாளம் என்று பொருள். அதிற் பொடியும் இல்லை. பிளாஸ்டிக்கும் சாயமுமே உண்டு. பொடித்துச் சேர்த்த கல் என்ற பெயரில் இதனை விற்பாரும் உளர். வேறு வெள்ளைக் கற்களுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பிரோசா என்பது மற்றொரு வழி. ஹவுலைட்டு, மேக்னசைட்டு என்னும் இரு கனிமங்கள் இதற்கு மிகவும் பயன்படுகின்றன. அவற்றின்மேல் இயல்பாகவே சாம்பல் நிறக் கோடுகள் வலைபோல் ஓடுவதால் பார்ப்போரை எளிதில் மயக்கும். மேக்னசைட்டு நமக்குப் புதியதன்று. சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் குன்றுகளில் வெட்டியெடுக்கப்படும் வெள்ளைக்கல் அதுவே. உருக்காலைகளின் உலைகளுக்கு வேண்டிய வெப்பந்தாங்கும் செங்கல் செய்ய அங்கே அது பயன்படுகின்றது. உலைக்குச் செல்லும்போது அது நேர்மையான கல். சாயம் ஏறி மோதிரத்தில் அமரும்போது போலி.

செயற்கை, போலி என்னும் இரு சொற்களையும் நம்மவர் ஒன்றாகவே வழங்குகின்றனர். மணிநூலார் அவ்வாறு கொள்வதில்லை. இயற்கைக் கல்லின் அதே பொருட்சேர்க்கையைத் தொழிற்கூடத்தில் உண்டாக்கினால் அது செயற்கைக் கல். 1902-இல் வெர்னூய் என்னும் பிரெஞ்சு அறிஞர் வெளியிட்ட முறையால் ஆக்கப்படும் மாணிக்கம் அத்தகையது. அதுவும் மாணிக்கமே, நிலத்தில் விளையவில்லை என்பதே வேறுபாடு. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்றால் அது போலி. களக்காட்டிற்குத் தெற்கே, நாகர்கோவில் வடசேரியில் பரதநாட்டியத்திற்கும் திருக்கோயில்களுக்கும் உரிய நகைகளைச் செய்யும் கைவினைஞர் உளர். அவர்தம் படைப்பு புவிசார் குறியீடு பெற்றது. அந்நகைகளிற் பதிக்கும் சிவப்புக் கல்லைக் கெம்பு என்பர். எவரும் அதனைப் பர்மா நாட்டு மாணிக்கம் என்று கூறி விற்பதில்லை. கெம்பு என்று கேட்டு வாங்குகின்றனர். கெம்பின் விலையைக் கொடுக்கின்றனர். திருச்சிராப்பள்ளிப் பகுதியில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டிப் பல குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. அத்தொழிலில் இழிவொன்றும் இல்லை. சொல் சரியாக இருக்கும்வரை பொருளும் சரியாகவே இருக்கின்றது.

போலியைக் கண்டறிய ஊரில் ஒரு வழி கூறுவர். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் கல்லின் அடியில் வைத்தால், பிசினாயின் நாறும் என்பர். உண்மைதான், ஆனால், நல்ல கல்லாயின் அதுவும் பழுதாகும். ஆய்ந்தறிய வேறு வழிகள் உள்ளன. அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு பார்க்கும் கருவி, கல்லினுள் பிசின் கலந்திருப்பதைக் கல்லுக்கு ஊறின்றிக் காட்டிவிடும். மணிகளைச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றிற்கு மோதிரத்தை அனுப்பிவைத்தோம். சீட்டின் கடைசிச் சொல் உண்மையே என்று விடை வந்தது. பிரோசாப் பொடியும் பிசினும் சேர்ந்த கல் அது.

அவ்விளைஞரை அழைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். “அப்படியானால் கடைக்காரர் பொய் சொல்லவில்லை, இல்லையா அண்ணாச்சி?” என்று பின்னர்க் கேட்டார். எழுத்தில் பொய் இல்லை; விலை மட்டும் முழுக்கல்லின் விலையாக இருந்தது என்றேன். மோதிரத்தின் பொன் 18 கேரட் என்பது உண்மை. அது எக்காலத்தும் பொன்னின் விலை பெறும் என்பதையும் கூறினேன். அவர் முகத்தில் சற்றே தெளிவு வந்தது.

“தங்கச்சியிடம் என்ன சொல்வது?” என்றார்.

“உள்ளதைச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போதும், மஞ்சள் அரைக்கும்போதும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். வெயிலிலும் அடுப்பனலிலும் பிசின் மஞ்சளிக்கும், அதையும் சொல்லுங்கள்” என்றேன்.

அவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சீட்டை எடுத்து, அதன் பின்புறம் வெறுமையாய் இருந்த இடத்தைக் காட்டி, அங்கே தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். ‘பிரோசாப் பொடியைப் பிசினோடு சேர்த்துச் செய்த கல். எடை ஒரு கிராம். பொன் 24-க்கு 18 பங்கு’ என்று எழுதினேன். இருமுறை படித்துப் பார்த்தார். சீட்டை நான்காக மடித்து மோதிரத்தின் கீழே பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு, விளக்கேற்றும் நேரத்தில் வீடு சென்றார்.